பங்குனிக் கடலும் கார்த்திகைக் கடலும்: வாசகர் கேள்வி – பதில்

கடல்நீரின் ஒவ்வொரு துளியிலும் பல்லாயிரம் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கடலூர், புதுச்சேரிப் பகுதி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை வெவ்வேறு சொற்களில் ஒன்றையே கேட்கின்றன: அவை ஆண்டு முழுவதும் அப்படியே இருக்குமா, பருவத்துக்குப் பருவம் மாறுமா? ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் மாணவிகள் பங்குனி மாதத்தில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் கடல்நீர் எடுத்து, கல்லூரி ஆய்வகம் ஒன்றின் உதவியுடன் அகார் தட்டில் (பாக்டீரியா வளர ஊட்டக்கூழ் பரப்பிய தட்டில்) வளர்த்துப் பார்த்தார்கள். முப்பதுக்கும் குறைவான புள்ளிகளே முளைத்தன. கார்த்திகை மழைக்குப் பின் அதே இடத்து நீரைச் சோதித்தபோது எண்ண முடியாத அளவுக்குத் தட்டு நிறைந்துவிட்டது. "மழைக்காலத்தில் கடல் பத்து மடங்கு அழுக்காகிவிடுகிறது" என்று முடிவு எழுதியிருக்கிறார்கள். அது சரிதானா?
– உயிரியல் ஆசிரியை, தேவனாம்பட்டினம்

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ஒரே இடத்தில், ஒரே முறையில், இரண்டு பருவங்களில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று உங்கள் மாணவிகளுக்குத் தோன்றியதே பெரிய விஷயம். அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். எண்ணியதில் அவர்கள் பிழை செய்யவில்லை. தட்டில் முளைத்ததையே கடல் முழுவதும் என்று எடுத்துக்கொண்ட இடத்தில்தான் முடிவு வழிதவறியிருக்கிறது.

ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில், அதாவது ஏறக்குறைய இருபது துளிகளில், பொதுவாக 5 லட்சம் முதல் 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். கரையோரத்தில் அதற்கு மேலும் இருப்பதுண்டு. நீரை நுண்துளை வடிதாளில் வடித்து, டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் ஒளிர்சாயத்தை ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், அமாவாசை வானத்து மீன்களைப் போல அவை நீலப் புள்ளிகளாகத் தெரியும், ஒவ்வொன்றாக எண்ணலாம். அதே நீரை அகார் தட்டில் பரப்பினால் முளைப்பவை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. இந்தப் பெரும் வேறுபாட்டுக்கு ஸ்டேலி, கொனோப்கா என்ற இரு அறிஞர்கள் 1985இல் தனிப் பெயரே சூட்டினார்கள். எனவே பங்குனியில் உங்கள் தட்டில் தெரிந்த முப்பது புள்ளிகளுக்குப் பின்னால், கண்ணில் படாமல் லட்சக்கணக்கானவை இருந்தன.

அவை ஏன் தட்டில் முளைப்பதில்லை? அகார் தட்டு ஒரு கல்யாண விருந்து. கடலிலோ கரைந்துள்ள உணவு மிக மிகக் குறைவு. அங்கு வாழும் பெரும்பான்மை பாக்டீரியாக்கள் அரைவயிற்றுக்கே பழகியவை. விருந்தைக் கண்டதும் பாய்ந்து, சில சமயம் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகும் விப்ரியோ போன்றவை ஒரு வகை. எஸ்.ஏ.ஆர்.11 என்று பெயரிடப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்தவை அதற்கு நேர் எதிரான வகை. ஒரு முறை பிரிவதற்கே அவற்றுக்கு ஒன்றிரண்டு நாட்கள் ஆகும். அட்லாண்டிக்கில் உள்ள சர்காசோ கடலின் நீரிலிருந்து மரபணுவை மட்டும் பிரித்துப் படித்து, இந்தக் கூட்டம் இருப்பதை 1990இல் ஸ்டீபன் ஜியோவனோனியின் குழு முதன்முதலில் அறிந்தது. அதை ஆய்வகத்தில் வளர்க்க 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் ஊட்டம் மிகுந்த கரைசலில் அல்ல, கிருமி நீக்கிய வெறும் கடல்நீரில். உலகக் கடல்களின் நுண்ணுயிர் அணுக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. அவ்வளவு பெருந்தொகையான உயிர் உங்கள் தட்டில் ஒரு புள்ளிகூட வைக்காது.

அப்படியானால் கார்த்திகைத் தட்டு பொய் சொல்கிறதா என்றால், இல்லை. விருந்துக்குப் பாயும் வகையினர் மழைக்குப் பின் பெருகிவிட்டார்கள் என்பதை அது சரியாகவே சொல்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கெடிலமும் பெண்ணையாறும் உப்பனாறும் வயல்மண்ணையும் இலைமக்கையும் ஊர்க்கழிவையும் வாரிக்கொண்டு கடலில் சேர்க்கின்றன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலையடுத்துப் பெண்ணையாறு கரைபுரண்டபோது கடலூர்க் கடல் எத்தனை தொலைவுக்குச் செம்மண் நிறமாக இருந்தது என்பதை நீங்கள் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். அந்த நீரோடு வரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கரைந்த கரிமப் பொருளும் கரையோரப் பாக்டீரியாக்களுக்கு ஆண்டில் ஒரு முறை கிடைக்கும் விருந்து. ஆற்றோடும் மண்ணோடும் வந்த நன்னீர்ப் பாக்டீரியாக்களில் பல, உப்பைத் தாங்காமல் சில நாட்களில் மடிந்துவிடும். ஆனால் அவை கொண்டுவந்த உணவைக் கடலின் சொந்தக் குடிகள் உண்டு பெருகும். உங்கள் தட்டில் முளைத்தவற்றில் இரு சாராரும் கலந்திருப்பார்கள்.

இதில் நம்மூர் ஆறுகளோடு நிற்காத இன்னொரு பங்கும் உண்டு. அது என் மனதுக்கு மிக நெருக்கமான செய்தி என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 2005 மே முதல் தேசியக் கடலியல் நிறுவனம், இந்தியக் கடற்கரையில் எட்டு இடங்களில், ஐந்து நாட்களுக்கு ஒரு முறை, முழங்கால் அளவு நீரில் நின்று பாட்டிலில் கடல்நீர் பிடித்துத் தரும் வேலையை மீனவர்களிடம் ஒப்படைத்தது. அந்தப் பாட்டில்களின் உப்பளவை வைத்து 2014இல் வெளியான ஆய்வு, கங்கையும் பிரம்மபுத்திராவும் தென்மேற்குப் பருவத்தில் வங்கக்கடலின் வடமுனையில் கொட்டும் நன்னீர், ஏறக்குறைய 100 கி.மீ. அகலமுள்ள ஓர் ஆறுபோலக் கரையை ஒட்டியே தெற்கு நோக்கி ஓடி, இரண்டரை மாதத்தில் நாட்டின் தென்முனையை அடைகிறது என்று காட்டியது. அதாவது ஐப்பசி, கார்த்திகையில் தேவனாம்பட்டினத்தில் கால் நனைப்பவர்களைத் தொடும் நீரில் கங்கையின் பங்கும் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் நீரோட்டம் திசை மாறி வடக்கு நோக்கி ஓடும்போது, உப்பு மிகுந்த தெற்கத்திய நீர் வந்து சேர்கிறது. எனவே உங்கள் மாணவிகளின் இரு பாட்டில்களில் இருந்தது "அதே இடத்து நீர்"தான். ஆனால் அதே நீர் அல்ல.

வடிதாளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 0.2 மைக்ரோமீட்டர் துளையுள்ள வெண்ணிற வடிதாளில் பங்குனி மாத நீரை ஒரு லிட்டர் ஊற்றினால் தடங்கலின்றி இறங்கிவிடும். தாளில் இளம்பச்சையா, மஞ்சளா என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு மெல்லிய நிறம் மட்டும் படியும். கார்த்திகை நீரில் கால் லிட்டர் இறங்குவதற்குள் தாள் அடைத்துக்கொள்ளும். மேலே தேநீர்த் தூள் நிறத்தில் ஓர் ஆடை படிந்திருக்கும், விரலால் தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். மாணவிகளை ஒரு முறை இதைச் செய்யச் சொல்லுங்கள்.

அழுக்கைப் பற்றித்தான் அறிய வேண்டுமென்றால், மொத்தப் புள்ளிகளை எண்ணுவதால் பயனில்லை. மனித, கால்நடைக் கழிவிலிருந்து வரும் ஈ.கோலை, என்டரோகாக்கஸ் ஆகியவற்றைத் தனியே தேட வேண்டும். அதற்கெனத் தனி ஊட்டத் தட்டுகள் உண்டு.

கேள்வி: ஐயா, வணக்கம். கரையில் கலங்கல், கொஞ்சம் தள்ளிப் போனால் பச்சை, நூறு பாக (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழத்துக்கு மேல் போனால் கருநீலம். அந்த நீலத் தண்ணீரிலும் இதே கிருமிகள்தானா? அங்கேயும் மழைக்காலம், வெயில்காலம் என்று அவற்றுக்கு உண்டா?
– மீனவர், நல்லவாடு

பதில்: அன்புச் சகோதரருக்கு வணக்கம். நீங்கள் சொல்லும் அந்த மூன்று நிறங்களே மூன்று வெவ்வேறு குடியிருப்புகள். நீர் பச்சையாகத் தெரிவது அதில் நுண்பாசி நிறைய இருப்பதால். கருநீலமாகத் தெரிவது அது ஏறக்குறையப் பட்டினி நீர் என்பதால்.

பச்சை நீரில், பாசி கக்கும் சர்க்கரையையும் பாசி மடிந்தபின் மிஞ்சும் உடலையும் உண்டு வாழும் ஃபிளேவோபாக்டீரியா, ரோசியோபாக்டர் முதலிய கூட்டங்கள் ஓங்கியிருக்கும். நீல நீருக்குப் போகப் போக, முன்பு சொன்ன எஸ்.ஏ.ஆர்.11 கூட்டமும், புரோகுளோரோகாக்கஸ் என்ற மிகச் சிறிய ஒளிச்சேர்க்கைப் பாக்டீரியாவும் மேலோங்கும். இந்தப் புரோகுளோரோகாக்கஸின் குறுக்களவு 0.5 முதல் 0.7 மைக்ரோமீட்டர், உலகில் எண்ணிக்கையால் மிகுந்த ஒளிச்சேர்க்கை உயிர் இதுதான் என்றாலும், சாலி சிஷோமும் அவருடைய கூட்டாளிகளும் 1988இல் அறிவிக்கும்வரை இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. இவ்வளவு சிறிய உடம்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. உடம்பு சிறுத்தால், உடம்பின் அளவோடு ஒப்பிடுகையில் மேற்பரப்பு கூடும். அரிதாக மிதந்து வரும் உணவைத் தவறவிடாமல் பிடிக்க அது உதவுகிறது.

பருவம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அட்லாண்டிக்கில் பெர்முடா தீவுக்கு அருகே 1988 முதல் மாதந்தோறும் ஒரே இடத்தில் நீர் எடுத்து வருகிறார்கள். அங்கே குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, 150 மீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை நீர் புரண்டு கலக்கிறது, கீழே கிடந்த உரச்சத்து மேலே வருகிறது, பாசி பொங்குகிறது, அதன் பின்னே பாக்டீரியாக் கூட்டங்களின் வரிசையும் மாறுகிறது. கோடையில் மேல்நீர் மறுபடி தனித்து நின்றுவிடும்போது பட்டினிக்குப் பழகியவை கை ஓங்குகின்றன. எஸ்.ஏ.ஆர்.11 கூட்டத்துக்குள்ளேயே கோடைக்கு ஒரு கிளை, குளிர் கலக்கிய நீருக்கு வேறொரு கிளை என்று பிரிவுகள் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது.

நம் வங்கக்கடலில் கதை வேறு. ஆண்டுதோறும் 1,500 கன கிலோமீட்டருக்கும் மேலான ஆற்றுநீர் இதில் விழுகிறது, மழைநீர் தனி. இந்த இலேசான நீர், கனத்த உப்புநீரின் மேல் ஒரு மூடிபோலப் படுத்துக்கொள்கிறது. அரபிக்கடலில் காற்று வலுத்தால் கீழ்நீர் மேலே வந்துவிடும். இங்கே இந்த மூடியைக் கிழிப்பது எளிதன்று. அதனால்தான் இரண்டு கடல்களும் ஒரே வெயிலையும் ஏறக்குறைய ஒரே பருவக்காற்றையும் பெற்றிருந்தும், வங்கக்கடலின் நடுப்பகுதியில் பாசி விளைச்சல் குறைவாக இருக்கிறது. இங்கே நீல நீரின் பாக்டீரியாக்களுக்கு உண்மையான திருநாள் என்பது புயல். புயல் கடந்த வழியில் மூடி கிழிந்து, கீழிருந்து நைட்ரேட் மேலேறி, சில நாட்களில் பாசி பச்சைத் தடமாக விரிவதைச் செயற்கைக்கோள் படங்களில் காணலாம். கரையில் நமக்குப் பேரிழப்பைத் தரும் அதே புயல், நடுக்கடலில் பட்டினி கிடந்தவற்றுக்குச் சோறு போடுகிறது என்பதை நான் ஒவ்வொரு முறையும் இரு மனத்தோடுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

ஆழத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுமார் 100 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் மிகக் குறைந்த ஓர் அடுக்கு வங்கக்கடலில் பரந்து கிடக்கிறது. ஆனாலும் அங்கே நுண்ணிய அளவில் சிறிது ஆக்சிஜன் எஞ்சி நிற்பதால், அரபிக்கடலின் அதே அடுக்கில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக்கிப் பெருமளவில் வெளியேற்றுவதுபோல இங்கே நடப்பதில்லை என்று 2017இல் வெளியான ஆய்வு கூறியது.

உங்கள் வலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கடலில் பாசி உண்டாக்கும் உணவில் ஏறக்குறையப் பாதி, கரைந்த நிலையில் பாக்டீரியாக்கள் வழியாகவே செல்கிறது. அவற்றை நுண்ணிய ஓரணு உயிர்கள் தின்ன, அவற்றை மிதவை உயிரிகள் தின்ன, அவற்றை நெத்திலி தின்கிறது. இந்தச் சுழற்சியை 1983இல் ஒழுங்காக விளக்கியவர்களில் முதன்மையானவர் லாகூரில் பிறந்த ஃபாரூக் ஆசாம். கரைந்துபோன உணவை மறுபடி மீன் வாய்க்கு எட்டும் பொருளாக மாற்றித் தருவதில் பெரும்பங்கு பாக்டீரியாக்களுடையது.

கேள்வி: ஐயா, நான் படிக்கும் நூல்களில் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நான்காகப் பிரித்துக் கடல் பாக்டீரியாக்களின் மாற்றத்தை விளக்குகிறார்கள். புதுச்சேரிக் கடலுக்கு அதை எப்படிப் பொருத்துவது?
– முதுநிலை மாணவர், காலாப்பட்டு

பதில்: அன்புள்ள தம்பி, பொருத்தவே வேண்டாம் என்பதுதான் என் துணிபு.

இங்கிலாந்தின் பிளிமத் நகருக்கு அருகே எல்4 என்ற இடத்தில் 2003 முதல் ஆறு ஆண்டுகள் மாதந்தோறும் எடுத்த நீரை மரபணு முறையில் ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அங்கே பாக்டீரியாக் கூட்டத்தின் பன்மை ஆண்டுதோறும் அதே ஒழுங்கில் ஏறி இறங்குகிறது. குளிர்காலத்தில்தான் வகைகள் மிகுதி. அந்த ஏற்ற இறக்கத்தை வெப்பத்தைவிடப் பகற்பொழுதின் நீளமே நன்றாக விளக்குகிறது. காரணம் எளிது: அங்கே குளிர்காலப் பகல் 8 மணி நேரம், கோடைப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். புதுச்சேரியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரம்தான். நம் கரையோர நீரின் வெப்பமும் மார்கழியில் 26 டிகிரி, சித்திரை, வைகாசியில் 30 டிகிரி என்ற அளவில்தான் ஆடுகிறது. ஆனால் உப்பளவு? பங்குனி, சித்திரையில் லிட்டருக்கு 34 கிராம் அளவில் இருப்பது, மழைக்காலத்தில் 30க்கும் கீழே இறங்கிவிடும். முகத்துவாரங்களில் ஏறக்குறைய நன்னீராகவே மாறிவிடும். அங்கே நாட்காட்டியை எழுதுவது சூரியன். இங்கே எழுதுவது நீர்.

இதனால்தான் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தார், ஆண்டை மழைக்குப் பிந்தைய காலம், கோடை, மழைக்கு முந்தைய காலம், மழைக்காலம் என்று மும்மூன்று மாதங்களாகப் பிரித்துக்கொண்டார்கள். நீயும் அந்தப் பிரிவையே பின்பற்று. அதிலும் மாசி, பங்குனியைத் தவறவிடாதே. காற்று ஓய்ந்து கடல் கண்ணாடிபோல் கிடக்கும் அந்நாட்களில் டிரைக்கோடெஸ்மியம் என்ற பாக்டீரியா இழைகளாகத் திரண்டு மேலே மிதந்துவரும். வைக்கோல் நிறத்தில், மரத்தூளைத் தூவியதுபோல நீளநீளமான பட்டைகளாகத் தெரியும். 1770இல் ஆஸ்திரேலியக் கரையோரம் சென்ற ஜேம்ஸ் குக்கின் மாலுமிகளும் அதைக் கடல் மரத்தூள் என்றே அழைத்தார்கள். காற்றிலுள்ள நைட்ரஜனை நேரடியாக உரமாக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. மழை தராத உரத்தைக் கோடையில் தருவது அது. அது மடிந்து அழுகும் இரண்டு மூன்று நாட்களில் நீர் எடுத்தால், ஒரு வாரத்துக்கு முன் அரிதாக இருந்த பாக்டீரியாக்கள் கூட்டமாகப் பெருகியிருப்பதைக் காண்பாய்.

அப்படி ஒன்றன்பின் ஒன்றாக வருவதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு வட கடலில் ஹெல்கோலாந்து தீவருகே கிடைத்தது. 2009 வசந்தத்தில் டயாட்டம் பாசி பொங்கி மடிந்தபோது, பாசியின் சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டும் நொதிகளைக் கொண்ட பாக்டீரியாக் கூட்டங்கள், ஒன்று ஒதுங்க மற்றொன்று என, சில வாரங்களுக்குள் வரிசையாக வந்து போயின. எளிதில் செரிப்பதை முதலில் வந்தவை தின்றன. கடினமானதை அடுத்து வந்தவை தின்றன.

இவை எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று நீ கேட்கலாம். வெளியிலிருந்து வரத் தேவையில்லை. எல்4 நீரில் ஒரே ஒரு மாதிரியை மிக ஆழமாக, அதாவது மிகப் பெரும் எண்ணிக்கையில் மரபணுத் துண்டுகளைப் படித்துப் பார்த்தபோது, ஆறு ஆண்டுகளில் தென்பட்ட வகைகளில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு மாதிரிக்குள் மிகச் சிறு எண்ணிக்கையில் இருந்தன. வெயிலில் வெறுந்தரையாகக் கிடக்கும் தரிசில் முதல் மழை விழுந்ததும் புல் முளைக்கிறதே, அதுபோலத்தான். விதை எப்போதும் அங்கேயே கிடக்கிறது. பருவம் மாற்றுவது யார் இருக்கிறார்கள் என்பதையல்ல, யார் கை ஓங்குகிறது என்பதை.

கேள்வி: ஐயா, வெயில் காலத்தில் கடல் கிருமிகள் அதிகம், நண்டு, ஆளி சாப்பிடக்கூடாது என்கிறார்கள். மீன் வெட்டும்போது கையில் முள் குத்தினாலும் பயப்பட வேண்டுமா?
– இல்லத்தரசி, வைத்திக்குப்பம்

பதில்: அம்மா, பயம் வேண்டாம், கவனம் போதும். விப்ரியோ என்ற பாக்டீரியா இனத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை நமக்குத் தீங்கற்றவை. இறால், நண்டு, மிதவை உயிரிகள் ஆகியவற்றின் ஓட்டில் ஒட்டி வாழ்ந்து, ஓட்டிலுள்ள கைட்டின் என்ற கடினப் பொருளைத் தின்று, கடலில் அந்தக் கழிவு குவியாமல் பார்த்துக்கொள்பவை அவை. குளிர்நாடுகளில் நீர் 15 டிகிரியைத் தாண்டும் கோடையில்தான் அவை தலைதூக்கும். நம் கடலில் நீர் அந்த அளவுக்குக் குளிர்வதே இல்லை. எனவே இங்கே அவற்றின் ஏற்ற இறக்கத்தை வெப்பத்தைவிட உப்பளவும், மழை கொண்டுவரும் உணவும், மிதவை உயிரிகளின் பெருக்கமும்தான் பெரிதும் தீர்மானிக்கின்றன.

விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். ஆனால் நன்கு கொதிக்க வைத்தால் மடிந்துவிடும். நண்டையும் ஆளியையும் அரைவேக்காட்டில் உண்ணாதீர்கள். வாங்கிய மீனைப் பனிக்கட்டியில் வையுங்கள். பச்சை மீன் வெட்டிய பலகையில் கழுவாமல் காய் நறுக்காதீர்கள். முள் குத்திய இடத்தை உடனே நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவுங்கள். கல்லீரல் நோய் அல்லது சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காயம் வேகமாகச் சிவந்து, வீங்கி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரிடம் சென்று, மீன் அல்லது கடல்நீர் பட்ட காயம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற வகை அத்தகையவர்களுக்கு ஆபத்தானது.

மழைக்காலத்தில் நான் அஞ்சுவது மீனையல்ல, குடிநீரை. காலரா உண்டாக்கும் விப்ரியோ, மிதவை உயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டு முகத்துவார நீரில் வாழக்கூடியது என்பதை ரீட்டா கால்வெல் என்ற அறிவியலாளர் பல பத்தாண்டுகள் உழைத்து நிறுவினார். பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துக் குடிநீரை வடித்த வங்கதேசக் கிராமங்களில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று அவருடைய குழு 2003இல் எழுதியது. நீங்கள் வடித்ததோடு நிறுத்தாமல் கொதிக்கவும் வையுங்கள்.

கேள்வி: இரவில் அலை நீலமாக ஒளிர்வது பாக்டீரியாவாலா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: அலை உடையும் இடத்தில் மட்டும், கால் வைத்தால் மட்டும் பளிச்சிடுகிறது என்றால் அது பாக்டீரியா அன்று, நாக்டிலுக்கா என்ற ஓரணு மிதவை உயிரி. 2019 ஆகஸ்ட்டில் சென்னைக் கடற்கரைகளில் மக்கள் திரண்டு பார்த்தது இத்தகைய ஒளியையே. பாக்டீரியாவின் ஒளி வேறு விதம்: தொடாமலேயே, அணையாமல், பால் ஊற்றியதுபோல வெளிறி நிற்கும். 1995 ஜனவரியில் சோமாலியக் கரைக்கு அப்பால் ஒரு வணிகக் கப்பல் அத்தகைய பால்கடலைக் கடந்தது. பின்னர் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேடியபோது, 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் கடல் மூன்று இரவுகள் ஒளிர்ந்திருப்பது தெரிந்தது.

கேள்வி: ஐயா, நாங்கள் பத்து இளைஞர்கள். படகும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. ஆய்வகம் மட்டும் இல்லை. இந்த வேலையில் எங்களால் எதையாவது செய்ய முடியுமா?
– தாழங்குடா இளைஞர்கள்

பதில்: அன்புத் தம்பிகளே, இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் என்னை மிகவும் மகிழ்வித்தது உங்களுடையது. மேலே சொன்ன எட்டு இடங்களின் மீனவர்களிடமும் ஆய்வகம் இருக்கவில்லை.

என் குறை ஒன்றைச் சொல்கிறேன். நான் ஆய்வு தொடங்கிய முதல் மூன்று ஆண்டுகளின் நோட்டுப் புத்தகங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஜனவரி முதல் அக்டோபர் வரை பக்கங்கள் நிறைந்திருக்கும். நவம்பர், டிசம்பர் மட்டும் வெறுமையாக இருக்கும். கடல் சீறியது, படகு கிடைக்கவில்லை, கிடைத்த நாளில் எங்களுக்கு அனுமதித் தாள் வந்து சேரவில்லை. மழை கடலுக்குள் என்ன செய்கிறது என்று அறியவே தொடங்கிய ஆய்வில் மழைக்காலமே இல்லாமல் போயிற்று. அந்த ஆறு மாதங்களை இனி எந்தக் கருவியாலும் திரும்பப் பெற முடியாது. கரையில் வாழும் உங்களால் மட்டுமே அந்த இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

அருகிலுள்ள கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் துறையை அணுகி, நீரை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொள்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். பிறகு கரையில் ஒன்று, பத்துப் பாக ஆழத்தில் ஒன்று என இரண்டே இடங்களைத் தேர்ந்தெடுங்கள், ஜி.பி.எஸ். எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கே செல்லுங்கள். இருபது இடங்களில் ஒரு முறை எடுப்பதைவிட, இரண்டு இடங்களில் இருபது முறை எடுப்பது மேலானது. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் கரை மாதிரியை விடாதீர்கள். பாட்டிலை முந்தைய நாளே கொதிநீரில் அலசி வையுங்கள். எடுக்கும் இடத்தில் அதே கடல்நீரால் மூன்று முறை கொப்பளித்து ஊற்றிவிட்டு, படகின் எண்ணெய்ப்படலம் படாத பக்கத்தில், கையை முழங்கை வரை அமிழ்த்தி நிரப்புங்கள். உடனே பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, வெயில் படாமல், அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். சில மணி நேரம் வெயிலில் நின்ற பாட்டிலுக்குள் விருந்துக்காரர்கள் பெருகி, கடலின் கணக்கையே மாற்றிவிடுவார்கள்.

தேதி, நேரம், நீரின் வெப்பம், முந்தைய மூன்று நாட்களில் மழை உண்டா, நீரோட்டம் வடக்கே ஓடுகிறதா தெற்கே ஓடுகிறதா, நீர் கலங்கலா தெளிவா என்பவற்றைக் கெட்டி அட்டை நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை உப்புநீர் பட்டால் ஊறிவிடும். புயல் எச்சரிக்கை உள்ள நாளில் கடலுக்குப் போகவே கூடாது. அந்த நாளிலும் தேதியைப் போட்டு, "எடுக்கவில்லை, கடல் சீற்றம்" என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பக்கத்தை வெறுமையாக மட்டும் விடாதீர்கள்.